மேல்மலையில் டென்ட் போட இடம் பார்ப்பது எப்படி?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டி, தூண் பாறையில் போட்டோ எடுத்து, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. டவுனைத் தாண்டி உள்ளே போகிற மலைச்சாலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று இருக்கும் ஊர்ப் பக்கம் ஒரு ராத்திரி டென்ட்டில் படுக்க வேண்டும் என்று முதல் தடவையாகக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். அந்தப் பகுதிக்கு உள்ளூரில் மேல்மலை என்று பேர். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கமெல்லாம் கீழ்மலை. மேல்மலை முழுக்கப் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளைகிற அடுக்கு வயல்கள். வயல் முடிகிற இடத்தில் சோலைக்காடோ, பைன், தைல மரத் தோப்போ தொடங்கிவிடும்.

இங்கே டென்ட் இடம் விற்கப்படுவது பகல் படத்தை வைத்து. மேகம் காலடியில், முன்னால் பள்ளத்தாக்கு, ஓரத்தில் ஆரஞ்சு நிற டென்ட். நீங்கள் அந்த டென்ட்டுக்குள் இருக்கப்போவதோ சாயங்காலம் ஆறரையிலிருந்து காலை ஆறரை வரை. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியாது. தெரியப்போவது காற்று, ஈரம், குளிர், கழிப்பறைக்குப் போகிற வழி, பக்கத்தில் ஏதோ மூச்சு விடுகிற சத்தம். ஆகவே ஒவ்வொரு இடத்தையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுங்கள்: ராத்திரி பதினோரு மணிக்குக் கனமழை பிடித்தால் இந்த இடம் என்ன ஆகும்?

முதலில் மாதம்

இடத்தைத் தேடுமுன் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஒரே இடம் ஜனவரியில் அருமையாகவும் நவம்பரில் ஆபத்தாகவும் இருக்கும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, பிப்ரவரி நடுப்பகுதிக்குள். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், மண் இறுகியிருக்கும். குளிர் மட்டும் கடுமை. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மதுரையில் ராத்திரி 20 டிகிரி என்றால் மலையில் 7 டிகிரியை எதிர்பாருங்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் பள்ளமான இடங்களில் பூஜ்ஜியம் வரைக்கும் இறங்கும்.

மார்ச் வந்தால் புல் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீ, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வனப்பகுதி மலையேற்றத்துக்கு மாநிலத்தில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் பாதைகளைக்கூட 2025-இல் தீக்காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடினார்கள். வனத்துறையே கதவைச் சாத்துகிற மாதங்களில் ஒரு தனியார், 'கேம்ப் ஃபயர் உண்டு' என்று விளம்பரம் செய்தால், அந்த ஆளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலும் காற்றும். மேல்மலையின் திறந்த புல்வெளியில் அந்தக் காற்று வாடகை டென்ட்டைப் பிடுங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, அத்தனை தூரம் தாண்டி வந்து கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. டெல்டாவில் புயல் என்றால் மலைக்கு என்ன என்று நினைக்காதீர்கள்.

'குறிஞ்சி பூக்கும் சரிவில் டென்ட்' என்று யாராவது ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். பன்னிரண்டு வருடக் குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. வேறு வகைக் குறிஞ்சிகள் இடையில் பூக்கும்தான். ஆனால் அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் அப்படி விளம்பரம் போடுவதில்லை.

அது யாருடைய நிலம்?

மேல்மலையில் வயலும் காடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வேலி இல்லாத புல்வெளி என்றால் யார் வேண்டுமானாலும் டென்ட் போடலாம் என்று அர்த்தமில்லை. சுற்றியிருக்கும் காட்டின் பெரும்பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். அபராதத்தோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

பட்டா நிலம் என்றாலும் கதை முடியவில்லை. தோட்டத்தை வாடகைக்குப் பிடித்து, பத்து டென்ட் அடித்து, இணையத்தில் படம் போட்டு ஆள் பிடிக்கிறவர்கள் நிறைய. அனுமதி வாங்கியவர்கள் கொஞ்சம். அனுமதியில்லாத டென்ட்களை அதிகாரிகள் அவ்வப்போது வந்து அப்புறப்படுத்துகிறார்கள், சில சமயம் ஆள் தங்கியிருக்கும்போதே. போலீஸ் கண்ணும் இந்தப் பக்கம் உண்டு. காரணம் போதைக் காளான். 2020-இல் குண்டுப்பட்டி பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் நடந்த இரவு விருந்தில் 200-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்தார்கள். விளம்பரத்தில் டிஜே, 'ஸ்பெஷல்', 'ஃபுல் நைட் பார்ட்டி' என்கிற வார்த்தைகள் இருந்தால் நீங்கள் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கானதில்லை.

அப்படியானால் எங்கே தங்குவது? முதல் தடவைக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: வீடோ காட்டேஜோ இருக்கிற, குடும்பம் குடியிருக்கிற தோட்டத்துக்குள் போட்ட டென்ட். ஹோம்ஸ்டே, முகாம் நடத்துகிறவர்களுக்குச் சுற்றுலாத் துறையில் பதிவு முறை இருக்கிறது. பதிவு எண் கேளுங்கள். பத்து அடி தள்ளி ஓட்டுக்கூரை இருப்பது தெரிந்தாலே தூக்கம் வரும். மழை பிடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடலாம். 'இது டென்ட் அனுபவமே இல்லையே' என்று கூட வருகிற நண்பர் முகம் சுளிப்பார். அவரும் காலையில் அந்த வீட்டுச் சமையலறை அடுப்புப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

போனில் என்ன கேட்பது

முன்பணம் அனுப்புமுன் ஒரு போன் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் படம்தான் வரும். போனில் கேட்டால், பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதும் தெரியும்.

"அண்ணே, ராத்திரி அங்க உங்க ஆளு யாரு இருப்பாங்க?" இது முதல் கேள்வி. "நம்ம பையன் ஒருத்தன் சமைச்சுக் குடுத்துட்டுக் கிளம்பிருவான், நீங்க ப்ரீயா இருக்கலாம்" என்றால் வேண்டாம். "நானும் என் வீட்டுக்காரியும் அங்கதான் தம்பி இருப்போம்" என்றால் பாதிக் கவலை போயிற்று.

"போன மழைக்கு என்ன பண்ணீங்க?" இரண்டாவது. இதற்கு நல்ல பதில் ஒரு சம்பவமாக வரும்: "ஐப்பசியில ஒரு நாள் தண்ணி உள்ள வந்துருச்சு, எல்லாரையும் செட்டுக்குள்ள படுக்க வச்சோம், அதுக்கப்புறம் அந்தப் பக்கம் டென்ட் போடுறதில்ல." இப்படிச் சொல்கிறவரை நம்பலாம். "நம்ம இடத்துல மழையே பிரச்சனை இல்ல ப்ரோ, வியூ சூப்பரா இருக்கும்" என்பவருக்குக் கேள்வியே காதில் விழவில்லை.

பிறகு வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எவ்வளவு நடை, கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எதிலிருந்து, எந்த கம்பெனி சிம்முக்கு டவர் கிடைக்கும், அவசரமென்றால் ராத்திரியில் வண்டி கிடைக்குமா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கொடைக்கானல் டவுனில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் என்றால் தேனி, மதுரை என்று மலை இறங்க வேண்டும். கிளாவரை போன்ற கடைசி ஊரிலிருந்து டவுனுக்கு வரவே மலைச்சாலையில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கூட வந்தால் பூம்பாறையைத் தாண்டாமல் இடம் பாருங்கள். டவுனிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான்.

பேசி முடித்ததும், டென்ட்டிலிருந்து வெளியே பார்க்கிற படம் வேண்டாம், டென்ட்டுக்குப் பின்னால் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எதற்கென்று கீழே வருகிறது.

சாலை

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் கிளம்புவதாக இருந்தால் அப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவராதீர்கள், செக்போஸ்டில் பிடுங்குவார்கள் அல்லது பணம் கட்டச் சொல்வார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும்.

டவுன் வரை வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் இருக்கின்றன. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் சாலையும் உண்டு. மழைக்காலத்தில் அதில் அடிக்கடி மண் சரியும், புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. ஒரு வழி அடைந்தால் இன்னொரு வழி என்கிற வசதி டவுன் வரைதான். அதற்கு மேல் மேல்மலைக்குப் போகிற சாலை முட்டுச்சாலை. மேப்பில் பார்த்தால் கிளாவரைக்குப் பக்கத்திலேயே கேரளத்து வட்டவடை தெரியும், மூணாறும் கூப்பிடு தூரம் மாதிரித் தெரியும். கார் போக வழியில்லை. போன சாலையிலேயே திரும்ப வேண்டும். நடுவில் ஒரு மரம் விழுந்தால் அதை அறுத்து இழுக்கும் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். அதனால் மறுநாள் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு மேல்மலைக்குக் கிளம்பாதீர்கள். பெட்ரோலை டவுனிலேயே நிரப்புங்கள். ஏடிஎம்மை நம்பாமல் கையில் பணம் வைத்திருங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். என் கணக்கில் நான்கு மணி. இடத்தைச் சுற்றிப் பார்க்கவும், சரியில்லை என்றால் வேறு இடம் தேடவும் உங்களுக்கு இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தவர், காட்டியதை வாங்கிக்கொள்ள வேண்டியவர்தான். இன்னொன்று: இருட்டினால் சாலையில் காட்டுமாடு நிற்கும். கறுத்த உடம்பு வளைவில் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக் கால்கள் தெரிவதற்குள் அது வண்டிக்கு முன்னால் நிற்கும்.

நேரில் போனதும்: தரை

இதுதான் முக்கியம், இதற்குத்தான் நான்கு மணிக்கே வரச் சொன்னேன். பையை இறக்காமல் முதலில் டென்ட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள்.

மேல்மலையில் இயற்கையாகவே சமமான தரை என்பது அபூர்வம். டென்ட் வரிசையாக நிற்கும் சமதளம் என்றால், அநேகமாக அது ஜேசிபி வைத்து மலையை வெட்டியது. வெட்டிய மண்ணை முன்பக்கமாகத் தள்ளி மேடையை அகலப்படுத்தியிருப்பார்கள். ஆக அந்த மேடையில் இரண்டு வகைத் தரை: பின்பாதி பழைய கெட்டி மண், முன்பாதி நேற்றுக் கொட்டிய மண். காட்சி நன்றாகத் தெரிவது முன்பாதியில். எனவே டென்ட் இருப்பதும் முன்பாதியில்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு டென்ட் முளையை எடுத்து, பின்பக்கம் ஒரு இடத்திலும் விளிம்புப் பக்கம் ஒரு இடத்திலும் கையால் அழுத்துங்கள். பின்னால் நாலு விரற்கடை இறங்குவதற்குள் கல்லோ கெட்டி மண்ணோ தடுக்கும். விளிம்பில் வெண்ணெயில் கத்தி மாதிரி முழு முளையும் உள்ளே போய்விட்டால் அது கொட்டிய மண். அங்கே படுக்காதீர்கள். விளிம்புக்கு இணையாக நீளமாக ஒரு கோடு, விரல் நுழைகிற அளவு வெடிப்பு தெரிந்தால் அந்த மேடையே வேண்டாம்.

அடுத்து பின்பக்கச் சுவர். இதற்காகத்தான் பின்னால் இருப்பதைப் படம் எடுக்கச் சொன்னேன். வெட்டிய மண் சுவர் செங்குத்தாக நின்று, மேல் விளிம்பில் வேர்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, அடியில் புதிதாக உதிர்ந்த மண் குவிந்திருந்தால் அது இன்னும் சரிந்து முடியவில்லை என்று அர்த்தம். சுவரில் எங்காவது ஈரம் கசிந்தால் இன்னும் மோசம். சுவருக்கு மேலே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றாலும் அப்படியே. சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு பங்கு தூரமாவது தள்ளிப் படுங்கள். விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே அப்படி ஒரு இடம் இல்லை என்றால், அந்த மேடையில் படுக்க இடம் இல்லை என்று பொருள். 2020 ஆகஸ்டில் மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்தது ராத்திரி நேரத்தில். லயன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. 2024 ஜூலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையும் விடியுமுன்தான். கனமழை எச்சரிக்கை இருக்கிற நாளில் எந்த மலைச் சரிவிலும் டென்ட்டுக்கு இடம் கிடையாது. பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

தண்ணீர் ஓடும் தடமும் பாருங்கள். காய்ந்து கிடக்கும் ஓடை, கூழாங்கல் வரிசை, புல் எல்லாம் ஒரே திசையில் படிந்திருக்கிற தாழ்வு, இவையெல்லாம் மழை போன வழி. மழை மறுபடி அதே வழியில்தான் வரும். ஓடைச் சத்தம் கேட்டுத் தூங்க ஆசைப்பட்டால், ஓடையிலிருந்து முப்பது நாற்பது அடி உயரமான இடத்திலிருந்து கேளுங்கள். இங்கே மழை இல்லாமலேயே மேலே மழை பெய்து தண்ணீர் வரும். பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியில் மேலே பெய்த மழைக்குத் திடீரென்று வெள்ளம் வருவதும், குளிக்கத் தடை போடுவதும் வருடா வருடம் செய்தியில் வருவதுதான்.

குளிருக்கும் தரை உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஜனவரியில் பத்திரிகைகளில் வரும் கொடைக்கானல் உறைபனிப் படங்களைப் பாருங்கள். ஏரிக்கரை, ஜிம்கானா மைதானம் என்று தாழ்வான புல்தரைகளாகவே இருக்கும். ஆகவே பள்ளத்தின் அடியும் வேண்டாம், காற்றும் மின்னலும் அடிக்கிற உச்சியும் வேண்டாம். சரிவின் நடுவில், கிழக்குப் பார்த்த இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வெயில் உங்கள் டென்ட்டில்தான் விழும். ஏழு மணிக்கு அதன் அருமை தெரியும்.

கடைசியாகத் தலைக்கு மேலே. தைல மரம், பைன், சீகை என்று உள்ளூரில் சொல்கிற வாட்டில், இவை மூன்றும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள். காற்றில் கிளை முறிவதும் வேரோடு சாய்வதும் சாதாரணம். டென்ட்டுக்கு மேல் காய்ந்த கிளை தொங்கினால் பத்தடி நகருங்கள். நிழல் ராத்திரியில் எதற்கு?

தண்ணீரும் கழிப்பறையும்

ஓடைத் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது என்று அப்படியே குடிக்காதீர்கள். மேல்மலையில் ஓடைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பூண்டு வயலோ உருளைக்கிழங்கு வயலோ இருந்தால் உரமும் பூச்சிமருந்தும் அதே தண்ணீரில்தான் இறங்குகின்றன, கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து சாகாது. வயலுக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுக்கிறார்களா என்று கேளுங்கள். குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்து போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது, அரை மணி நேர நடைதான், ஊரும் பழகும். எடுத்த தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கழிப்பறை இல்லாத இடம் வேண்டாம், அவ்வளவுதான். 'காடுதானே' என்று சொல்கிறவர்களின் காட்டு ஓடைதான் கீழே இருக்கும் ஊரின் குடிதண்ணீர். டார்ச் வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில், படியோ கம்பியோ பிடித்து நடக்கிற மாதிரி வழி இருக்கிறதா என்று பகலிலேயே ஒரு தடவை நடந்து பாருங்கள். கூட வருகிற பெண்களைத் தனியாக விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதுதான் முடிவு.

வனவிலங்கு

மேல்மலையில் தினமும் பார்ப்பது காட்டுமாடும் காட்டுப்பன்றியும். சிறுத்தை உண்டு, அது உங்களைத் தவிர்க்கும். யானை நடமாட்டம் அதிகமுள்ளது பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கமும் கீழ்மலையும். அங்கே டென்ட் என்ற பேச்சே வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் காட்டோரம் இருந்த ஒரு ரிசார்ட்டில், டென்ட்டில் தங்க வந்த பெண்ணை இரவில் யானை தாக்கிக் கொன்றது. துணிச் சுவருக்கு யானை என்றும் தெரியாது, பன்றி என்றும் தெரியாது.

சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். பிஸ்கட், வாழைப்பழம், குழந்தையின் பால் பவுடர் எதுவானாலும் வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போகட்டும். கேரட், உருளைக்கிழங்கு அறுவடைக்கு நிற்கிற வயலை ஒட்டி டென்ட் வேண்டாம். பன்றியும் காட்டுமாடும் அங்கேதான் வரும், வயலைச் சுற்றி மின்வேலியும் இருக்கலாம். எந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிறது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காட்டுமாடு பக்கத்தில் வந்தால் செல்ஃபி எடுக்காமல், டார்ச்சைக் கண்ணில் அடிக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். வீட்டில் நாய் இருந்தால் நல்லது, குரைப்பே எச்சரிக்கை.

அட்டை மழைக்காலத்தில் சோலைப் பக்கம் ஏறும். கடித்தால் உப்பு வையுங்கள், விட்டுவிடும். அதற்காக யாரும் ஊர் திரும்பியதில்லை.

தீ

டென்ட்டுக்குள் கரி அடுப்பு, பார்பிக்யூ தட்டு, எரிகிற கொள்ளி எதையும் கொண்டுபோகாதீர்கள். அணைந்த மாதிரித் தெரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலிலேயே விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்கள் உண்டு. குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள்.

வெளியே மூட்டும் தீ வீட்டுக்காரர் காட்டுகிற இடத்தில், சுற்றி மண் தெரிகிற தரையில், டென்ட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி, காற்று போகும் பக்கமாக. படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

டென்ட்டையும் படுக்கையையும் சோதிக்க

அவர்கள் தருகிற டென்ட் என்றால் வெளித்துணி தனியாக இருக்கிறதா, அது தரை வரை இறங்குகிறதா என்று பாருங்கள். தலையில் தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடுகிற துணி சாரலுக்கே தாங்காது. உள்ளே கைவைத்துப் பாருங்கள், தரை சில்லென்று ஈரமாக இருந்தால் போன ராத்திரி நனைந்தது இன்னும் காயவில்லை. ஜிப் இரண்டு பக்கமும் முழுதாக மூடுகிறதா? நாலு மூலைக் கயிறும் முளையில் கட்டப்பட்டிருக்கிறதா? அநேக இடங்களில் கயிறு சும்மா தொங்கும், பகல் காற்றுக்கு அது தேவைப்படவில்லை.

புதியவர்கள் மேலே போர்த்துவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், குளிர் ஏறுவது கீழிருந்து. ஒரு கம்பளி மேலே என்றால் இரண்டு அடுக்கு அடியில் வேண்டும். ஃபோம் பாய் தருகிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் யோகா பாய் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுபோங்கள். கோரைப்பாயும் அதன் மேல் கம்பளியும்கூட ஒப்பேற்றும். காதை மூடும் குல்லா, தூங்கும்போது மட்டும் போடுகிற உலர்ந்த சாக்ஸ், ஆளுக்கொரு டார்ச். மொபைல் டார்ச்சை நம்பினால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

பிடிக்கவில்லை என்றால்

நான்கு மணிக்குப் போய்ப் பார்த்து, சுவர் செங்குத்தாக நிற்கிறது, கழிப்பறை பூட்டியிருக்கிறது, ராத்திரி ஆள் இல்லை என்று தெரிந்தால் முதலில் இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். "அண்ணே, இந்த ஓரம் வேண்டாம், அந்த வீட்டுப் பக்கமா போட்டுத் தர்றீங்களா?" என்றால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் பத்து நிமிட வேலை. மறுத்தால் கிளம்புங்கள். முன்பணம் போகட்டும். அதனால்தான் முன்பணத்தை எப்போதும் பாதிக்கு மேல் கட்டக்கூடாது.

கிளம்பி எங்கே போவது என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்து வையுங்கள். மன்னவனூரிலும் பூம்பாறையிலும் ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன. இரண்டு எண்களை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள், டவர் போனால் தேட முடியாது. வார இறுதி இல்லையென்றால் ஐந்து மணிக்குப் போய் நின்றாலும் அறை கிடைக்கும். சனிக்கிழமை என்றால் கிடைக்காது, ஆகவே முதல் தடவை செவ்வாய், புதனில் போங்கள். வாடகையும் அன்றைக்குக் குறைவு.